இழுப்பு நின்றதும் இன்ஹேலரை நிறுத்தலாமா?



ஐப்பசி, கார்த்திகை பிறந்தால் போதும், குழுக்களில் அவசரக் கடன் கேட்பவர்கள் கூடிவிடுகிறார்கள். "புள்ளைக்கு ராத்திரி வீசிங் வந்துடுச்சுக்கா, ஆட்டோ வச்சுத் தூக்கிட்டுப் போனோம்" என்பதுதான் பல பேர் சொல்லும் காரணம். நெபுலைசர் வைக்கிறார்கள், ஊசி போடுகிறார்கள், இரண்டு நாளில் பிள்ளை எழுந்து விளையாடுகிறது. வாங்கிய கடன் அடைவதற்குள் திரும்பவும் இழுப்பு வருகிறது. இந்தச் செலவில் பெரும்பகுதியைத் தவிர்க்க முடியும். செலவை விட முக்கியம், பிள்ளையின் உயிர். 2019-ஆம் ஆண்டுக்கான உலக நோய்ச்சுமைக் கணக்கின்படி, உலகில் ஆஸ்துமாவால் நேர்ந்த இறப்புகளில் 40 சதவீதத்துக்கும் மேல் இந்தியாவில்தான் நடந்திருக்கின்றன.

ஆஸ்துமா உள்ள பிள்ளையின் மூச்சுக்குழாய்க்குள் எப்போதும் லேசான வீக்கம் இருக்கிறது. சளி பிடித்தாலோ, கொசுவத்திப் புகை, விறகடுப்புப் புகை, பீடிப் புகை, தூசி பட்டாலோ குழாய் இன்னும் சுருங்கி இழுப்பு வருகிறது. இழுப்பு நின்ற பிறகும் உள்ளே வீக்கம் போய்விடுவதில்லை. நீறு பூத்த நெருப்பு மாதிரி அது கிடக்கும். (ஐந்து வயதுக்குள் வரும் எல்லா வீசிங்கும் ஆஸ்துமா ஆகிவிடாது. அதை டாக்டர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.)

அதனால்தான் பொதுவாக இரண்டு விதமான மருந்து கொடுக்கிறார்கள். சால்பியூட்டமால் இன்ஹேலர் சுருங்கிய குழாயைச் சில நிமிடத்தில் விரிக்கும். ஆனால் வீக்கத்தை அது தொடாது. புடசோனைட் போன்ற தடுப்பு மருந்து வீக்கத்தை மெதுவாகக் குறைக்கும். உடனே ஒன்றும் தெரியாது. தினமும் எடுத்தால்தான் பலன். நம் வீடுகளில் நடப்பது என்ன? உடனே வேலை செய்வதை "நல்ல மருந்து" என்று வைத்துக்கொண்டு, தினமும் எடுக்க வேண்டியதை "இப்பத்தான் புள்ள நல்லா இருக்கே" என்று நிறுத்திவிடுகிறோம். 12 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு சால்பியூட்டமாலை மட்டும் தனியாகக் கொடுப்பதை, ஆஸ்துமாவுக்கான உலக வழிகாட்டுக் குழு 2019-லேயே வேண்டாம் என்று சொல்லிவிட்டது. சிறு பிள்ளைகளுக்கும் அடிக்கடி இழுப்பு வந்தால் தடுப்பு மருந்து வேண்டும். சிலருக்கு இரண்டும் சேர்ந்த ஒரே இன்ஹேலர் எழுதுவார்கள். உங்கள் பிள்ளைக்கு எது என்று பெயரைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கம்பெனிக்குக் கம்பெனி நிறம் மாறும்.

"ஸ்டீராய்டு ஆச்சே, பழகிப் போயிடுமே, பொம்பளப் புள்ள, நாளைக்கு யாராவது கேட்டா?" என்ற பயம் நமக்கெல்லாம் தெரிந்ததுதான். இன்ஹேலர் பழக்கமாகிவிடாது. தடுப்பு மருந்தின் அளவு மைக்ரோகிராமில் இருக்கிறது, அதாவது மில்லிகிராமில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நீண்ட நாள் எடுக்கும் பிள்ளைகளின் உயரம் சுமார் 1 செ.மீ. குறையலாம் என்பது உண்மை. ஆனால் இதற்குப் பயந்து நிறுத்திவிட்டு, இழுப்பு வரும் ஒவ்வொரு தடவையும் மாத்திரையாக, ஊசியாக அதைவிடப் பல மடங்கு ஸ்டீராய்டைத்தானே உடம்பில் ஏற்றுகிறோம்? ஜூன் மாதம் ஐதராபாத்துக்கு மீன் மருந்து விழுங்கப் போகிறவர்களும் நம்மில் உண்டு. அது ஆஸ்துமாவைக் குணப்படுத்தும் என்பதற்கு மருத்துவ ஆதாரம் கிடையாது.

மருந்து எழுதியாகிவிட்டது. அதை உறிஞ்சச் சொல்லித் தருவது யார்? கூட்டம் நிறைந்த ஓ.பி.யில் டாக்டருக்கு நேரம் இல்லை. இங்கிலாந்தில் இதற்கென்றே பயிற்சி பெற்ற ஆஸ்துமா நர்சுகள் இருக்கிறார்கள். வருடத்துக்கு ஒரு முறையாவது பிள்ளையை வரவழைத்து, கண் முன்னால் இன்ஹேலரை எடுக்கச் சொல்லிப் பார்க்கிறார்கள். எந்த நாளில் எந்த மருந்து, எப்போது ஆஸ்பத்திரி என்று ஒரு அட்டையில் எழுதித் தருகிறார்கள். அப்படி இருந்தும் அங்கே 195 பேரின் ஆஸ்துமா இறப்பை ஆராய்ந்து 2014-ல் வந்த அறிக்கையில், 23 சதவீதம் பேருக்குத்தான் அந்த அட்டை இருந்ததாகத் தெரிந்தது. கிட்டத்தட்ட பாதிப் பேர் மருத்துவ உதவி கேட்காமலோ, அது கிடைப்பதற்கு முன்போ இறந்திருந்தார்கள்.

நம் ஊரில் சர்க்கரை, பி.பி.க்கு உட்கார வைத்துச் சொல்லித் தரும் நர்ஸ் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்துவிட்டார். பிள்ளைகளின் இழுப்புக்கும் அப்படி ஒருவர் வேண்டும் என்று கிராம சபையில் நாம் கேட்கலாம், கேட்க வேண்டும். அதுவரை இருக்கிற சிஸ்டரிடம் கேட்டு வாங்குவது நம் கையில்தான் இருக்கிறது. அடுத்த முறை போகும்போது இன்ஹேலரையும் ஸ்பேசரையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள். "சிஸ்டர், புள்ள எடுக்கிறது சரியான்னு ஒரு தடவ பாருங்க" என்று சொல்லுங்கள். அட்டை இல்லாவிட்டால் ஒரு நோட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

அவர் பார்க்க வேண்டியது இவைதான். இன்ஹேலரை நன்றாகக் குலுக்கி ஸ்பேசரில் பொருத்த வேண்டும். சின்னப் பிள்ளைக்கு மாஸ்க் மூக்கையும் வாயையும் இடைவெளி இல்லாமல் மூட வேண்டும். ஒரு தடவை அழுத்தி, ஐந்தாறு மூச்சு நிதானமாக இழுத்து விட வேண்டும். இரண்டாவது அழுத்தம் வேண்டுமானால் அரை நிமிடம் கழித்து, திரும்பக் குலுக்கித்தான். தடுப்பு மருந்து எடுத்தபின் வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும். ஸ்பேசர் இல்லாமல் நேராக வாயில் அடித்தால் பெரும்பாலான மருந்து தொண்டையிலேயே ஒட்டிக்கொள்ளும். ஸ்பேசரை சோப்புத் தண்ணீரில் கழுவித் துடைக்காமல் காய விடுங்கள். துணியால் துடைத்தால் மருந்து சுவரில் ஒட்டும்.

ஸ்பேசர் வாங்க வசதி இல்லையா? தென்னாப்பிரிக்காவின் கேப்டவுனில் ஹெதர் சார் என்ற குழந்தை மருத்துவர் குழுவினர், 500 மில்லி பிளாஸ்டிக் பாட்டிலின் அடியில் இன்ஹேலர் வாய் இறுக்கமாகப் பொருந்தும்படி ஓட்டை போட்டு, பாட்டிலின் வாய் வழியாகப் பிள்ளைகளை மூச்சு இழுக்க வைத்தார்கள். கடை ஸ்பேசர் அளவுக்கு அது வேலை செய்தது என்று 1999-ல் வெளியிட்டார்கள். அவர்கள் பார்த்தது ஐந்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளை. மாஸ்க் போட வேண்டிய குழந்தைக்கு இது ஆகாது. செய்தாலும் சிஸ்டரிடம் காட்டிவிட்டுப் பயன்படுத்துங்கள்.

கணக்கு எழுதுவது நமக்குப் புதிதா என்ன? பெட்டியில் 200 அழுத்தம் என்று போட்டிருந்தால், தினம் இரண்டு எடுக்கும் பிள்ளைக்கு 100 நாள். தொடங்கிய தேதியைப் பேனாவால் டப்பாவில் எழுதுங்கள். குலுக்கிப் பார்த்தோ தண்ணீரில் மிதக்க விட்டோ மருந்து இருக்கிறதா என்று கண்டுபிடிக்க முடியாது. சால்பியூட்டமால் எடுத்த நாளையும் குறித்து வையுங்கள். வாரத்தில் இரண்டு நாளுக்கு மேல் தேவைப்பட்டாலோ, ராத்திரி இருமலில் பிள்ளை எழுந்தாலோ, நோய் அடங்கவில்லை என்று அர்த்தம். இழுப்பு வரும்வரை காத்திராமல் காட்டுங்கள். பள்ளி டீச்சரிடமும் சொல்லி, உடனே விரிக்கும் இன்ஹேலர் ஒன்று பிள்ளையின் பையிலேயே இருக்கட்டும்.

விலா எலும்புக்குக் கீழே குழி விழுந்தால், ஒரு வாக்கியம் முழுதாகப் பேச முடியாவிட்டால், உதடு நீலம் பாய்ந்தால், பிள்ளை சோர்ந்து மயங்கினால், விடியட்டும் என்று பார்க்காதீர்கள். படுக்க வைக்காமல் நிமிர்த்தி உட்கார வைத்து, சால்பியூட்டமாலை ஸ்பேசரில் ஒவ்வொரு அழுத்தமாக, அரை நிமிடத்துக்கு ஒன்று வீதம், பத்து வரை கொடுக்கலாம். கொடுக்கும்போதே இன்னொருவர் 108-ஐக் கூப்பிடட்டும். அதற்குக் காசு கிடையாது, குழுவில் கடன் கேட்கவும் வேண்டியதில்லை.