தரவுக் கிடங்கு – 14: கட்டளைக்குத் தனி வழி

ஸ்டோரேஜ் பெட்டிக்குள் டிஸ்க்குகளும் கன்ட்ரோலர்களும் எப்படிச் சேர்ந்து இயங்குகின்றன என்று சென்ற வாரம் பார்த்தோம். இந்த வாரம் அதன் பின்பக்கத்துக்கு வருவோம். அங்கே 10 கிகாபிட், 25 கிகாபிட் வேகக் கேபிள்கள் வரிசையாகச் செருகப்பட்டிருக்கும். தரவு போவதும் வருவதும் அவற்றில்தான். ஓரத்தில் சாதாரண ஈதர்நெட் போர்ட் ஒன்று தனியாக இருக்கும். நெட்ஆப் பெட்டிகளில் அதன் பக்கத்தில் ஒரு ஸ்பேனர் படம் பொறித்திருப்பார்கள். அந்தப் போர்ட் கோப்புகளுக்கானது அல்ல, கட்டளைகளுக்கானது. வால்யூம் உருவாக்கு, பெரிதாக்கு, ஸ்னாப்ஷாட்டை அழி போன்றவை அதன் வழியாகப் போகும்.

தரவு போகும் வழியும் கட்டளை போகும் வழியும் எங்கேயும் கலக்கக் கூடாது. இதற்கு இரண்டு காரணங்கள் உண்டு.

அழிக்கும் அதிகாரம்

கோப்புகளைப் பயன்படுத்தும் ஊழியரின் கணினி வைரஸிடம் சிக்கினால், அவர் கை எட்டும் கோப்புகள் கெடும். ஸ்னாப்ஷாட்டிலிருந்து மீட்டுவிடலாம். நிர்வாகப் பக்கத்துக்குள் ஒருவர் நுழைந்துவிட்டாலோ, வால்யூமோடு சேர்த்து அந்த ஸ்னாப்ஷாட்டையும் அழித்துவிடுவார். 2014 ஜூனில் கோட் ஸ்பேசஸ் நிறுவனத்துக்கு நடந்தது அதுதான். மென்பொருள் நிரல்களைப் பாதுகாத்துத் தருவது அவர்கள் தொழில். அமேசான் கிளவுடில் இருந்த அவர்களுடைய நிர்வாகப் பக்கத்துக்குள் நுழைந்த ஒருவர் பணம் கேட்டு மிரட்டினார். நிறுவனம் அவரை வெளியேற்ற முயன்றதும் தரவு, பிரதி, இயந்திர அமைப்பு எல்லாவற்றையும் அழிக்கத் தொடங்கினார். நிறுவனம் அத்தோடு மூடப்பட்டது. தரவும் அதன் காப்புப் பிரதிகளும் ஒரே நிர்வாகக் கதவுக்குப் பின்னால் இருந்ததே அந்த அழிவுக்குக் காரணம்.

கடவுச்சொல் இருக்கிறதே என்று நிம்மதியாக இருந்துவிட முடியாது. சர்வர் வடிவில் கட்டப்பட்ட பல ஸ்டோரேஜ்களில், இயந்திரத்தைத் தொலைவிலிருந்து அணைக்கவும் இயக்கவும் ஐ.பி.எம்.ஐ. என்ற ஏற்பாடு உண்டு. 2004-இல் வந்த அதன் 2.0 விதிமுறையிலேயே ஒரு பிழை இருக்கிறது. சரியான பயனர் பெயரை மட்டும் சொல்லிக் கேட்பவருக்கு, உள்ளே நுழைவதற்கு முன்பே, கடவுச்சொல்லிலிருந்து கணக்கிட்ட ஹாஷை இயந்திரம் கொடுத்துவிடும். அதை வைத்துக் கடவுச்சொல்லைச் சாவகாசமாகக் கண்டுபிடிக்கலாம். பாதுகாப்பு ஆய்வாளர் டான் ஃபார்மர் 2013-இல் இதை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார். பிழை விதிமுறையிலேயே இருப்பதால், அதைப் பின்பற்றும் இயந்திரத்தில் பேட்ச் போட்டுச் சரிசெய்ய வழியில்லை. அந்தப் போர்ட்டை யாரும் எட்டாத நெட்வொர்க்கில் வைப்பதுதான் உண்மையான காவல்.

பழுது பார்க்கும் பாதை

வாய்க்காலில் வெள்ளம் புரளும்போது மதகுக்குப் போக ஏரிக்கரைமேல் பாதை இருக்க வேண்டும். இரண்டாவது காரணம் அதுதான்.

2022 ஜூலை 8 அன்று கனடாவில் ரோஜர்ஸ் என்ற தொலைத்தொடர்பு நிறுவனம் தன் மைய நெட்வொர்க்கை மேம்படுத்திக்கொண்டிருந்தது. ஒரு ரவுட்டரில் இருந்த வடிகட்டி நீக்கப்பட, வழித்தடத் தகவல்கள் வெள்ளமாய்ப் பாய்ந்து மைய ரவுட்டர்கள் செயலிழந்தன. 1 கோடியே 20 லட்சத்துக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்கள் தொடர்பிழந்தார்கள். நிர்வாக நெட்வொர்க்கும் அதே மையத்தை நம்பியிருந்ததால், பொறியாளர்களால் ரவுட்டர்களுக்குள் நுழைந்து பதிவுகளைப் பார்க்க முடியவில்லை. தங்களுக்குள் பேசிக்கொள்ளவே வேறு நிறுவன சிம் கார்டுகள் தேவைப்பட்டன. காரணத்தைக் கண்டறிய மட்டும் சுமார் 14 மணி நேரம் ஆனது.

எப்படி அமைப்பது?

நிர்வாகப் போர்ட்டுகளுக்கென்று தனி ஸ்விட்ச் வைப்பதே நல்லது. வசதியில்லாவிட்டால், இருக்கும் ஸ்விட்சிலேயே தனி வி.லான் பிரிக்கலாம். அது அத்துமீறலைத் தடுக்கும். ஆனால் ஸ்விட்ச் செயலிழந்தால் இரண்டு வழியும் சேர்ந்தே போகும்.

ஐ.பி. முகவரிகள் தனி சப்நெட்டில் இருப்பது கட்டாயம். நிர்வாகப் போர்ட்டும் தரவுப் போர்ட்டும் ஒரே சப்நெட்டில் இருந்தால், பதில் எந்தப் போர்ட் வழியாக வெளியேறும் என்று உறுதி சொல்ல முடியாது. சில பழைய நெட்ஆப் மாடல்களில் நிர்வாகப் போர்ட்டின் வேகம் வெறும் 100 மெகாபிட். பெரிய வழியில் போக வேண்டிய தரவு அந்தச் சந்துக்குள் நுழைந்துவிட்டால் வேகம் படுத்துவிடும்; டிஸ்க்கில் குறை தேடி ஆட்கள் அலைவார்கள்.

இரண்டு நெட்வொர்க்குகளுக்கும் நடுவே ஃபயர்வால் வேண்டும். நேரம் சரிபார்த்தல், பதிவுகளை அனுப்புதல், எச்சரிக்கை மின்னஞ்சல் ஆகியவை மட்டும் வெளியே போகட்டும். உள்ளே வருபவர் ஒரே ஒரு ஜம்ப் சர்வர் வழியாக, இரண்டு கட்ட அடையாளச் சோதனைக்குப் பிறகு வரட்டும்.

பலர் சறுக்கும் இடம் இதற்குப் பிறகுதான் வருகிறது. அந்த ஜம்ப் சர்வர் ஒரு விர்ச்சுவல் மெஷின் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் டிஸ்க் எங்கே இருக்கிறது? அதே ஸ்டோரேஜில்! கடவுச்சொல்லைச் சரிபார்க்கும் ஆக்டிவ் டைரக்டரியும், பெயரை முகவரியாக மாற்றும் டி.என்.எஸ்.ஸும் பல அலுவலகங்களில் அங்கேதான் இருக்கின்றன. ஸ்டோரேஜ் விழுந்தால் அதைத் தூக்கி நிறுத்தப் போகும் வழியும் கூடவே விழும். கேபிள் தனி, ஸ்விட்ச் தனி, ஆனாலும் நெட்வொர்க் தனியாக இல்லை.

ஆகவே ஜம்ப் சர்வர் சொந்த டிஸ்க் உள்ள நிஜ இயந்திரமாக இருக்கட்டும். ஆக்டிவ் டைரக்டரியை நம்பாத உள்ளூர் நிர்வாகக் கணக்கு ஒன்றும் வேண்டும். அதன் கடவுச்சொல் முத்திரையிட்ட உறையில் பெட்டகத்தில் இருக்கட்டும். கன்ட்ரோலர்களின் ஐ.பி. முகவரிகளைக் காகிதத்தில் அச்சிட்டு வையுங்கள். ஆண்டுக்கு ஒரு முறையாவது, வேலை இல்லாத நாளில், தரவு நெட்வொர்க்கை வேண்டுமென்றே நிறுத்திவிட்டு, கன்ட்ரோலருக்குள் நுழைய முடிகிறதா என்று பாருங்கள். வரைபடத்தில் தனியாகத் தெரிவது நிஜத்திலும் தனிதானா என்பதை அந்தச் சோதனை காட்டிவிடும்.

இதற்குப் பெரும் பணம் தேவையில்லை. ஒரு சிறிய ஸ்விட்ச், நாலைந்து கேபிள்கள், ஒரு பழைய சர்வர் போதும். நோயாளிகளின் பதிவுகளை வைத்திருக்கும் மருத்துவமனைக்கும் சேமிப்புக் கணக்குகளை வைத்திருக்கும் கூட்டுறவு வங்கிக்கும் இது எட்டாத செலவல்ல. பிறருடைய தரவைக் காக்கப் பொறுப்பேற்றவர்கள் இதைத் தள்ளிப்போடக் கூடாது.

அடுத்த வாரம்: ஸ்னாப்ஷாட் இருந்தால் பேக்கப் வேண்டாமா?