காட்டிறைச்சியும் வீட்டடுப்பும்

வேட்டையாடிய மானிறைச்சி நம் நாட்டு அடுக்களைக்கு உரியதன்று. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதைத் தடுத்துவிட்டது. ஆயினும் நம் பிள்ளைகள் பலர் அமெரிக்காவிலும் கானடாவிலும் குடித்தனம் செய்கின்றனர். அங்கே உரிமம் பெற்று வேட்டையாடுவது வழக்கம். அவ்விறைச்சியைக் கடையில் விற்கப் பெரும்பாலும் சட்டம் இடந்தராதாகையால், அது அண்டை வீட்டாரின் அன்பளிப்பாகவே வந்து சேரும். அதன் பக்குவத்தை நம்மவர் அறிந்திருத்தல் நலம்.

2022-ஆம் ஆண்டில் தென் டக்கோட்டாவில் ஒரு குடும்பத்தார் கூடி விருந்துண்டனர். கானடாவில் வேட்டையாடிய கரடியின் இறைச்சியை 45 நாட்கள் உறையவைத்திருந்து, பின்பு காய்கறிகளுடன் தணலில் வாட்டினார்கள். அது இயல்பாகவே கருநிறமாதலால், சரியாக வேகவில்லை என்பது கண்ணுக்குப் புலப்படவில்லை. அறுவர் நோயுற்றனர், மூவர் மருத்துவமனை சேர்ந்தனர். இறைச்சியைத் தொடாமல், அதனுடன் வெந்த காய்கறிகளை மட்டும் உண்ட இருவரும் அவ்வறுவருள் அடங்குவர்! தசையிலே தங்கியிருக்கும் டிரிக்கினெல்லா என்னும் நுண்புழுவே காரணம். வடபுலத்து விலங்குகளில் வாழும் அதன் ஓரினம் உறைகுளிருக்கும் சாவதில்லை. நல்லவேளையாக அனைவரும் குணமடைந்தனர்.

ஆகவே நிறத்தையும் குளிரையும் நம்பலாகாது. கரடியாயினும் காட்டுப்பன்றியாயினும், மிகத் தடித்த துண்டின் நடுவில் உஷ்ணமானியைச் செருகி, 74 டிகிரி ஸென்டிகிரேட் எட்டியதைக் கண்ட பின்பே இறக்க வேண்டும். பச்சை இறைச்சி நறுக்கிய கத்தியும் பலகையும் காய்கறியைத் தொடலாகாது.

இவ்வளவு சூட்டில் மானிறைச்சி வறண்டு போகாதா என்று சகோதரிகள் கேட்கலாம். கொழுப்புக் குறைந்ததாகையால், வெறுந்தணலில் வாட்டினால் வறளத்தான் செய்யும். முன்னந்தொடைத் துண்டுகளிலுள்ள வெண்கொழுப்பை முதலில் அரிந்து விடுக. காட்டு வாடை பெரிதும் அதிலேதான் இருக்கிறது. குளிர்பெட்டியில் ஓரிரவு மோரில் ஊறவைத்து, இஞ்சி, பூண்டு, மிளகுடன் மூடிய பாத்திரத்தில் இரண்டு மூன்று மணி நேரம் சிறுதீயில் கொதிக்க விடுக. நரம்புகள் இளகி இறைச்சி மெத்தென்றாகும். வேண்டிய சூடும் தானே ஏறிவிடும்.

ஆனால் நெருப்புக்கும் அடங்காத தீங்கு ஒன்றுண்டு. அமெரிக்க மான்களை உருக்குலைக்கும் நோயொன்று 1967-ஆம் ஆண்டில் கொலராடோவில் முதன்முதலாகக் காணப்பட்டது. அதன் நச்சுப்பொருள் சமைப்பதால் அழிவதில்லை. அது மனிதரைப் பற்றியதாக இதுவரை நிரூபிக்கப்படவில்லை எனினும், நோயுள்ள மானை உண்ணலாகாதென்றே அதிகாரிகள் எச்சரிக்கின்றனர். எனவே, அன்பளிப்பைக் கொணர்ந்தவரிடம், "அந்நோய் உள்ள பகுதியா? சோதித்தாயிற்றா?" என்று கேட்க நம்மவர் கூச வேண்டியதில்லை. தகுந்த விடை கிடைக்காவிடில், நன்றி கூறி மறுத்துவிடுவதே முறை.