கிடப்பில் போன கருவிகள் - 14: பேச ஆளில்லாத பெட்டி

வாட்ஸ்அப் ஆள் பிடித்த கதை போன வாரத்தோடு முடிந்தது. நம் ஃபோனில் ஏற்கெனவே இருந்த எண்களையே எடுத்துக்கொண்டதுதான் அதன் சாமர்த்தியம் என்பதை மறுபடி விளக்கப்போவதில்லை. இந்த வாரம் ஸோஹோ நிறுவனத்தின் 'அரட்டை' என்ற செய்திச் செயலி என்று சொல்லியிருந்தேன். வரும். நடுவில் நியூஜெர்சியில் மாட்டிக்கொண்டேன்.

மாட்டிவிட்டது ஒரு விலை விவரம். 1970 ஜூலையில் ஏடி அண்ட் டி நிறுவனம் பிட்ஸ்பர்க் நகரில் 'பிக்சர்ஃபோன்' சேவையைத் தொடங்கியது. முகம் பார்த்துப் பேசும் தொலைபேசி. மாதம் 160 டாலர். அதில் அரைமணி நேரம் பேசலாம், அதற்கு மேல் நிமிடத்துக்கு 25 சென்ட். அந்த நிறுவனத்தின் நியூஜெர்சி பெல் ஆய்வகம் பெற்ற செல்லப்பிள்ளை இது. 1964 நியூயார்க் உலகக் கண்காட்சியில் ஜனங்கள் ஆசையாக உட்கார்ந்து பேசிப் பார்த்திருக்கிறார்கள். அதே ஆண்டு ஜூனில் நியூயார்க், வாஷிங்டன், சிகாகோ மூன்று ஊர்களிலும் பொதுச் சாவடிகள் திறந்தார்கள். ஜனாதிபதி ஜான்சனின் மனைவி லேடி பேர்ட் முதல் அழைப்பைப் பேசினார். கட்டணம் மூன்று நிமிடத்துக்கு 16 முதல் 27 டாலர்! பேசுகிற இருவரும் நேரம் குறித்துக்கொண்டு அவரவர் ஊர்ச் சாவடிக்குப் போய் உட்கார வேண்டும். நம் டிரங்க் கால் தேவலை; அதற்கு வீட்டிலேயே காத்திருக்கலாம்.

சரி, பிட்ஸ்பர்க். எத்தனை பெட்டிகளோடு ஆரம்பித்தார்கள் தெரியுமா? 38. எட்டு கம்பெனிகளில். இந்த 38-ஐத் தாண்டி இந்த வாரம் என்னால் நகர முடியவில்லை. மேயர் பீட்டர் ஃப்ளாஹர்டி, அலுமினியக் கம்பெனி அல்கோவாவின் தலைவரைக் கூப்பிட்டுத் தொடங்கிவைத்தார். மறுநாள் அந்தத் தலைவர் யாரைக் கூப்பிடுவார்? சரக்கு வாங்குகிறவரிடம் பெட்டி இல்லை. வக்கீலிடம் இல்லை. வீட்டில் நிச்சயமாக இல்லை. 1980-க்குள் பத்து லட்சம் பெட்டிகள் என்று கணக்குப் போட்டிருந்தார்கள். எழுபதுகள் முடியும் முன்பே கடையைக் கட்டிவிட்டார்கள்.

விலை அதிகம், தலைவாராமல் ஃபோனை எடுக்க முடியாது என்றெல்லாம் காரணம் சொன்னார்கள். இருக்கட்டும். எனக்குப் பிடித்த விளக்கம், அதே பெல் ஆய்வகத்திலிருந்த பொருளாதார அறிஞர் ஜெஃப்ரி ரோல்ஃப்ஸ் 1974-இல் எழுதியது. தன் கம்பெனியின் சேவை ஏன் தேறாமல் போகலாம் என்று கம்பெனியின் சொந்த ஆய்விதழிலேயே எழுத விட்டிருக்கிறார்கள். அந்தக் காலத்து பெல் அப்படி. அவர் கணக்குப்படி, யாருமே சேராத நிலையும் உறுதியான ஒரு நிலைதான். யாரும் இல்லாததால் யாரும் வருவதில்லை. கொஞ்சம் பேர் வந்தாலும், போதாவிட்டால் சரிந்து பழையபடி பூஜ்யத்துக்கே போகும். அத்தோடு, ஒவ்வொருவருக்கும் முக்கியமானவர்கள் சில பேர்தான்; அவர்கள் உள்ளே இல்லையென்றால் மற்ற லட்சம் பேர் இருந்தும் பயனில்லை. பரிகாரமும் சொன்னார்: பொறுக்கியெடுத்த ஒரு கூட்டத்துக்குக் கொஞ்ச காலம் இலவசமாகக் கொடு. தங்களுக்குள் ஏற்கெனவே பேசிக்கொள்கிறவர்களாகப் பார்த்து.

நியூஜெர்சியின் எடிசன் ஊரில் இருக்கும் ஒரு தமிழ்க் குடும்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அவர்களுக்கு வேண்டியது அம்மா, மாமியார், அண்ணன், தமிழ்ப் பள்ளிப் பெற்றோர் என்று ஒரு பதினைந்து பேர். சின்ன எண்தான். ஆனால் அம்மாவுக்கு வேறு பதினைந்து பேர்: மாடிவீட்டு அக்கா, கோயில் குழு, கேஸ்காரர், மாத்திரை அனுப்பும் கடைப் பையன். "புதுசா ஒண்ணு போட்டுத் தர்றேன்மா" என்று லீவில் வந்த மகன் செயலியை இறக்கிக் கொடுத்துவிட்டுப் போவான். அதில் அம்மாவுக்கு அவன் ஒருவன்தான். அவனுக்கும் பழைய இடத்திலேயே செய்தி வரும்: "சாப்ட்டியா?"

அரட்டைக்கு வந்தது இந்தச் சிக்கல்தான் என்பது என் கட்சி. 2021-இலேயே வெளிவந்த செயலி அது. 2025 செப்டம்பரில் திடீரென்று, மூன்றே நாளில், தினம் சேர்கிறவர்கள் 3,000-லிருந்து மூன்றரை லட்சமானதாக ஸோஹோவை நிறுவியவர்களில் ஒருவரான ஸ்ரீதர் வேம்பு அறிவித்தார். சேர்ந்தவர்களின் எண்ணிக்கை செய்தியாயிற்று. சேர்ந்தவரின் அம்மாவும் அந்த மாடிவீட்டு அக்காவும் சேர்ந்தார்களா என்று யாரும் எண்ணவில்லை.

அந்த ஸோஹோவும் 1996-இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் நியூஜெர்சியில் தொடங்கியதுதான். அதன் அமெரிக்கத் தலைமையகம் பிறகு கலிஃபோர்னியாவின் பிளசன்டன், இப்போது டெக்சாஸின் ஆஸ்டின் என்று நகர்ந்தது. மூன்றரை லட்சம் பேர் வந்தபின் என்ன ஆயிற்று என்பதை அடுத்த வாரம் ஆஸ்டினிலிருந்து தொடங்குகிறேன். ஆசிரியர் இரண்டு முறை கூப்பிட்டுவிட்டார்.

(தொடரும்)