கடலில் மிதக்கும் கல்வீடு

சீமெந்தும் மணலும் சல்லியும் கலந்த கொங்கிறீட் நீரில் மிதக்குமோ என்று மாணவர் பலர் ஐயுறுவர். நீரினும் ஏறத்தாழ இரண்டரை மடங்கு பாரமான பொருளன்றோ அது! ஆயினும் 1848இல் பிரான்ஸ் தேசத்தவரான லம்போ என்பார் இரும்புக் கம்பி வலைமேல் சீமெந்துச் சாந்து பூசித் தோணியொன்று செய்து மிதக்கவிட்டார்.

கணக்கைச் சிறிது பார்ப்போம். நீளமும் அகலமும் 10 மீற்றர், உயரம் 3 மீற்றர், சுவரும் அடித்தளமும் 20 சென்ரிமீற்றர் தடிப்பு. இவ்வளவில் மூடியில்லாப் பெட்டியொன்றை வார்த்தால் அதன் நிறை சுமார் 100 தொன் ஆகும். ஆக்கிமிடீசின் விதிப்படி, தன் நிறைக்குச் சமமான நீரை விலக்கும் வரையே அது தாழும். அதாவது ஒரு மீற்றர் தாழ்ந்து நின்றுவிடும். அதன்மேல் 50 தொன்னில் வீடு கட்டிக் குடிபுகுந்தாலும் மேலும் அரை மீற்றரே தாழும். அகலம் மிகுந்திருத்தலால் எளிதிற் கவிழவும் மாட்டாது.

அம்ஸ்டர்டாம் நகரின் ஐபர்க் பகுதியில் இத்தகைய வீடுகளில் மக்கள் வாழ்கின்றனர். பாதி நீருள் அமிழ்ந்த கொங்கிறீட் தொட்டியினுள்ளே படுக்கையறைகள் உள்ளன. கம்பங்களிற் பிணைத்திருப்பதால் வீடு நீர்மட்டத்தோடு ஏறி இறங்குமேயன்றி விலகிச் செல்லாது. ஆனால் அஃது அமைதியான ஏரிநீர், கடலன்று.

கடலிலோ, அலை பெட்டியின் நடுப்பகுதியை உயர்த்தும்போது இரு முனைகளும் தொங்கும். அமுக்கத்தைத் தாங்கும் கொங்கிறீட் இழுவையைத் தாங்காது, வெடிக்கும். வெடிப்பின் வழியே உப்புநீர் உட்சென்று கம்பியைத் துருப்பிடிக்கச் செய்யும். துரு பருத்து வெளிப்பூச்சையே பிளந்துவிடும். நம் கரையோர வீடுகளின் தூண்களில் இதனை யாவரும் கண்டிருப்போம். ஆகவே கம்பிக்கு மேல் செறிவான கொங்கிறீட்டைத் தடிப்பாக வார்ப்பதோடு, உருக்குக் கம்பிகளை முன்னரே இறுக்கி, கொங்கிறீட் எப்போதும் அமுக்கத்திலேயே இருக்கச் செய்வர் பொறியியலாளர்.

1944இல் நோர்மண்டிக் கரையில் நேச நாட்டுப் படையினர் பெரிய கொங்கிறீட் பெட்டிகளைக் கடல்வழியே இழுத்துச் சென்று, தாழ்த்தி, அலைதடுப்பாக்கினர். அங்கு அமைத்த இரு துறைமுகங்களுள் அமெரிக்கரதை ஜூன் மாதப் புயல் சில நாட்களில் அழித்தது.

அமெரிக்காவின் சியாற்றில் நகரில், வாஷிங்டன் ஏரிமீது 1940இல் திறக்கப்பட்ட மிதக்கும் பாலம் ஐம்பது ஆண்டுகள் நின்றது. 1990 நவம்பரில், திருத்த வேலை நடைபெற்ற வேளையில், புயலின்போது நீர் உட்புகுந்து அதன் கொங்கிறீட் மிதவைகள் பல அமிழ்ந்தன. மூழ்கடித்தது கொங்கிறீட்டின் பாரமன்று. திறந்து கிடந்த வாயில்களே. நீர்மட்டத்தின் கீழே குழந்தைகள் உறங்கும் வீட்டில் இது சிறு விடயமா?

இன்று சில மிதவைகளின் உட்புறத்தைக் கண்ணறைகள் நிறைந்த இலேசான பிளாஸ்திக்கு நுரையால் நிரப்பி, மேலே கொங்கிறீட் வார்க்கின்றனர். சுவர் வெடித்தாலும் நீர் புக இடமில்லை. இம்முறையே நமக்கு உகந்ததாகத் தோன்றுகிறது. அதையும் அலைதடுப்பின் உட்புறத்திலேயே நிறுத்துதல் வேண்டும்.