யார் சொல்லை நம்பி அறை எடுப்பது?

வெளியூர் செல்வோர் தங்குமிடம் தேடிய பழைய முறையை நம் வாசகருள் மூத்தோர் மறந்திருக்கமாட்டார்கள். அவ்வூரில் தூரத்து உறவினர் எவரேனும் இருப்பார். இல்லையேல், முன்னர் அங்குச் சென்று வந்த அண்டை வீட்டார், "பேருந்து நிலையத்துக்குப் பின்புறம் ஒரு லாட்ஜ் உண்டு, அறை சிறியது, ஆனால் தண்ணீர் நிற்காது" என்று வழி சொல்லி அனுப்புவார். சொன்னவரின் முகம் நமக்குத் தெரியும். சொன்னது பொய்யானால் அடுத்த ஞாயிறன்று கோயில் வாயிலில் நின்று கேட்டுவிடலாம்.

இன்று முகமறியாத ஆயிரம் பேர் கைபேசித் திரையில் நமக்கு வழி சொல்லுகின்றனர். ஒவ்வொருவரும் ஒன்றுமுதல் ஐந்துவரை நட்சத்திரமிட்டு, இரண்டு வரி எழுதிவிட்டுப் போய்விடுகின்றனர். அவர்களுள் மெய்யாகவே அவ்விடுதியில் உறங்கி எழுந்தவர் எவர், வீட்டுத் திண்ணையிலிருந்தே எழுதியவர் எவர் என்று அறிவது எங்ஙனம்? இக்கேள்வி நமக்கு எழுந்தது ஒரு மாடிப்படியின் நடுவில்.

கோடைக்கானலில் உறவுத் திருமணம் ஒன்று. எழுபத்துநான்கு வயதான நம் தாயாரையும் அழைத்துச் சென்றோம். ஆண்டு முழுவதும் சிறுகச் சேர்த்த பணம்; ஆகவே பலநாள் தேடி, 4.7 நட்சத்திரம் பெற்ற விடுதி ஒன்றைத் தேர்ந்தெடுத்து முன்பணமும் செலுத்தினோம். விடுதி அழகாகத்தான் இருந்தது. ஆனால் நமக்கு ஒதுக்கிய அறை மூன்றாம் மாடியில், லிப்ட் இல்லை, படிகளோ மலைச்சரிவைப் போன்று செங்குத்து. முழங்கால் வலியுடைய தாயார் ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று மூச்சு வாங்கினார். "பரவாயில்லைப்பா, ஏறத்தானே ஆண்டவர் காலைக் கொடுத்திருக்கிறார்" என்றார். அந்தச் சொல் நம்மை ஆறுதற்படுத்தவில்லை.

அன்றிரவு உறக்கமின்றி அவ்விடுதியின் மதிப்புரைகளை மறுபடியும் படித்தோம். "அருமை", "சூப்பர்", "மறக்க முடியாத அனுபவம்", "குடும்பத்தோடு வர ஏற்ற இடம்" என வரிசை வரிசையாகப் புகழ்ச்சி. அவற்றினிடையே ஒரு பெண்மணி மூன்றே நட்சத்திரமிட்டு எழுதியிருந்தார்: படி மிகச் செங்குத்து, லிப்ட் கிடையாது, வெந்நீர் காலை எட்டரை மணிக்குமேல் வராது, சமையற்காரர் நல்ல மனிதர். அத்தனையும் உண்மை. மூன்று நட்சத்திரந்தானே என்று அவரை நாம் படியாமலே கடந்து வந்திருந்தோம்.

ஊர் திரும்பிய பின் இதுபற்றிக் கொஞ்சம் தேடிப் படித்தோம். மெய்யையும் பொய்யையும் வாசித்தே பிரித்துவிடலாம் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் 2011-இல் இதைச் சோதித்தனர். சிக்காகோ நகரின் இருபது ஓட்டல்களைப்பற்றிய நானூறு மெய்யான புகழுரைகளைத் திரட்டினர். (ஓட்டல் என்றால் நமக்கு இட்லி கிடைக்குமிடம், அங்கே தங்குமிடம்.) பின்னர் தலைக்கு ஒரு டாலர் கொடுத்து, தங்காதவர்களைக்கொண்டே அவ்விடுதிகளைப்பற்றி நானூறு புகழுரைகள் எழுதுவித்தனர். இரண்டையும் கலந்து மாணவர் மூவரிடம் கொடுத்தபோது, அவர்களின் தீர்ப்பு காசைச் சுண்டிப் பூவா தலையா பார்ப்பதைவிடச் சற்றே மேலாக இருந்தது, அவ்வளவே. அதிலும் பொய்யை மெய்யென்று ஏற்றுக்கொண்டதே மிகுதி. கணிப்பொறியோ சொற்களை எண்ணிப் பார்த்து, நூற்றுக்கு ஏறத்தாழத் தொண்ணூறைச் சரியாகப் பிரித்தது.

அக்கணிப்பொறி கண்டது யாது? அங்குத் தங்காதவர் "நான்", "என்" என்று தம்மைப்பற்றியே அதிகம் பேசினர். கணவரோடு வந்தேன், விடுமுறைக்கு வந்தேன், வேலையாக வந்தேன் என்று வந்த காரணத்தை விரித்தனர். தங்கியவரோ அறை சிறிது, குளியலறை இப்படி, எத்தனையாவது மாடி, விலை எவ்வளவு என்று இடத்தை எழுதினர். இதில் வியப்பதற்கொன்றுமில்லை. காணாத அறையின் சுவரை எவ்வாறு வருணிப்பது? மகிழ்ச்சியை வருணிக்கலாம், அதற்கு அறைக்குள் போக வேண்டியதில்லை. பழிப்புரைகளைக் குறித்தும் அவ்வாய்வாளருள் சிலர் 2013-இல் ஆராய்ந்தனர். பொய்யாகப் பழிப்போர் தேவைக்குமேல் கொதித்தெழுகின்றனராம். நீதிமன்றத்தில் பொய்ச்சாட்சி சொல்பவன் குரலை உயர்த்துவதுபோன்று என்று வைத்துக்கொள்ளலாம்.

ஆயினும் ஒரு செய்தியை மறைக்கக்கூடாது. அவை மனிதர் தம் கையால் எழுதிய பொய்கள். 2022-இன் இறுதியில் சாட்ஜிபிடி முதலிய எழுத்துப் பொறிகள் எல்லார் கைக்கும் வந்தபின், குளியலறையையும் மாடியையும் விலையையும் சேர்த்தே பொய் புனைந்து தரச் சொல்வது எளிதாகிவிட்டது. ஆதலின் சொல்நடையை மட்டும் நம்பித் தீர்ப்பிடுவது இனிப் போதாது.

எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு இலண்டனில் நடந்த ஒரு வேடிக்கை சான்று. ஊபா பட்லர் என்னும் இளைஞர், உணவகங்களிடம் பணம் பெற்றுப் பொய்யுரை எழுதிய அனுபவமுடையவர். 2017-இல் டல்விச் பகுதியில், தம் வீட்டுத் தோட்டத்திலிருந்த கொட்டகையை ஓர் உணவகமென்று டிரிப்அட்வைசர் தளத்தில் பதிவு செய்தார். முகச்சவர நுரையையும் வண்ணப் பூச்சையும் கொண்டு உணவுபோல் அலங்கரித்துப் படமெடுத்து இட்டார். நண்பர்களைக்கொண்டு புகழுரை எழுதுவித்தார். தொலைபேசியில் கேட்டவர்க்கெல்லாம் "இடமில்லை" என்றார். இடமில்லையென்றதே அதன் பெருமையை வளர்த்தது! அவ்வாண்டு நவம்பர் முதல் நாள், ஒரு கவளமும் பரிமாறாத அக்கொட்டகை இலண்டன் மாநகரின் முதலாம் உணவகமாக அத்தளத்தில் நின்றது. பின்னர் ஓரிரவு மட்டும் திறந்து, கடையில் வாங்கிய மலிவான உணவைச் சூடாக்கிப் பரிமாறினார். உண்டவருள் சிலர் மீண்டும் வர விரும்பினராம்.

நாம் சிரிக்கலாம். ஆனால் வயிறு பிழைக்க விடுதி நடத்துவோர்க்கு இது சிரிப்பன்று. அமெரிக்கப் பொருளியல் ஆய்வாளர் மூவர் 2014-இல் வெளியிட்ட ஆய்வொன்றில் இரண்டு தளங்களை ஒப்பிட்டனர். எக்ஸ்பீடியாவில் அதன்வழி அறை எடுத்தவரே எழுதலாம். டிரிப்அட்வைசரில் எவரும் எழுதலாம். ஒரே விடுதிக்கு இவ்விரண்டிலும் வரும் உரைகள் எங்கே வேறுபடுகின்றன என்று பார்த்தனர். தனி முதலாளிகள் நடத்தும் சிறு விடுதிகளுக்கு, எவரும் எழுதக்கூடிய தளத்தில் புகழ் சற்றுக் கூடியிருந்தது. அவற்றுக்கு அண்டையிலிருந்த போட்டி விடுதிகளுக்கோ பழி கூடியிருந்தது. பழிச்சொல்லில் ஒரு பகுதி எங்கிருந்து புறப்பட்டிருக்கும் என்பதை நாம் விளக்க வேண்டியதில்லை.

இதிலிருந்து நமக்குக் கிடைக்கும் முதற்பாடம், எழுத வாயில் யாருக்குத் திறந்திருக்கிறது என்று பார்ப்பதே. புக்கிங்.காம் போன்றவற்றில் அத்தளத்தின்வழி பதிவு செய்தோரே எழுத இயலும். கூகுள் வரைபடத்திலோ கணக்கு வைத்திருக்கும் எவரும் எழுதலாம்; அவ்வூரை மிதித்திருக்க வேண்டியதுமில்லை. ஆகவே ஒரே விடுதியை இரண்டு தளங்களில் பார்ப்பது நன்று. ஒன்றில் 4.8, மற்றதில் 10-க்கு 6 என்றிருந்தால் ஏதோ ஓரிடத்தில் நெருடுகிறது. எட்டுப் பேர் கூடி அளித்த 4.9-ஐவிட ஆயிரத்திருநூறு பேர் அளித்த 4.2 உறுதியானது என்பதையும் சந்தைக்குப் போய்ப் பழகிய நம் தாய்மாருக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

தேதியைப் பார்க்க வேண்டும். ஆறு மாதம் ஓசையின்றிக் கிடந்த விடுதிக்கு ஒரே வாரத்தில் முப்பது ஐந்து நட்சத்திரங்கள் பொழிந்தால், அவ்வாரத்தில் ஏதோ நடந்திருக்கிறது. நாலாண்டுக்கு முந்திய புகழுரை, கைமாறிப்போன விடுதிக்குச் சான்றாகாது. எழுதியவரின் பெயரைத் தொட்டால் அவர் வேறெவற்றைப்பற்றி எழுதினார் என்பது பெரும்பாலும் தெரியும்; ஒரே நாளில் சென்னையிலும் ஜெய்ப்பூரிலும் கௌகாத்தியிலும் தங்கி மகிழ்ந்தவராயின், அவர் பறவையாகத்தான் இருக்க வேண்டும். விடுதியார் இட்ட படங்களைவிட விருந்தினர் எடுத்த படங்களே பயன் தருவன. அவற்றில் ஒளி மங்கலாயிருக்கும். ஆனால் குளியலறைத் தரையும் சன்னலுக்கு வெளியேயுள்ள சுவரும் தெரியும்.

எல்லாவற்றிலும் மேலாக, நடுவில் நிற்போரைப் படிக்க வேண்டும். மூன்று நட்சத்திரக்காரரைக் கூலிக்கு அமர்த்துவார் அரிது. புகழவும் இகழவும் ஆள் பிடிப்பார்களேயன்றி, "படி செங்குத்து, சமையற்காரர் நல்லவர்" என்று எழுத எவர் காசு கொடுப்பார்? தமிழில் எழுதப்பட்ட உரைகளையும் நாம் இப்போது தேடிப் படிக்கிறோம். பிழை மலிந்திருப்பினும், கொசுவைப்பற்றியும் பக்கெட்டைப்பற்றியும் நேரே சொல்லிவிடுகிறார்கள். கூகுளில் மதிப்புரைகளுக்குள்ளேயே சொல் தேடும் வசதியுண்டு. "லிப்ட்" என்று அன்றே தேடியிருந்தால் நம் தாயாரின் முழங்கால் தப்பியிருக்கும்.

விடுதியாரின் மறுமொழியும் அவர் குணத்தைக் காட்டும். 2014-இல் இங்கிலாந்தின் பிளாக்பூல் நகரில், கடுமையாகக் குறை எழுதிய தம்பதியரிடம் ஒரு விடுதியார் நூறு பவுன் அபராதம் பிடித்துக்கொண்டனர். ஊரெங்கும் செய்தியானபின் திருப்பித் தந்தனர். விருந்தினரை ஏசும் மறுமொழியைப் படித்தால், நாளை நம் குறைக்கும் அதுவே மறுமொழியென்று கொள்ளலாம்.

அரசுகளும் உறங்கவில்லை. இத்தாலியில் 2018-இல், பொய்யுரைகளை விற்றுப் பிழைத்த ஒருவருக்கு லெச்சே நகர நீதிமன்றம் ஒன்பது மாதச் சிறைத்தண்டனை விதித்தது. நம் நாட்டில் 2022 நவம்பரில் இந்தியத் தர நிர்ணய நிறுவனம் இணைய மதிப்புரைகளுக்கென ஒரு தரவரையறையை வெளியிட்டது. எழுதுபவர் மெய்யான ஆள்தானா என்று தளத்தார் சரிபார்க்க வேண்டும் என்பது முதலியன அதில் உள்ளன. ஆனால் விரும்பியோர் பின்பற்றலாம் என்ற அளவிலேயே அது வெளிவந்தது. அமெரிக்காவில் 2024-இல் பொய்யுரையை விற்பதும் வாங்குவதும் விதியாலேயே தடுக்கப்பட்டது.

இவ்விடத்தில் நம் இளைஞரைக் குறித்து ஒரு சொல். "வீட்டிலிருந்தே சம்பாதிக்கலாம், விடுதிகளுக்கு ஐந்து நட்சத்திரம் இட்டால் ஒன்றுக்கு ஐம்பது ரூபாய்" என்று வாட்ஸ்அப்பிலும் டெலிகிராமிலும் அழைப்பு வருகிறது. முதலில் நூறு, இருநூறு மெய்யாகவே கணக்கில் விழும். பின்னர், பெரிய வேலைக்கு முன்பணம் கட்டச் சொல்வர். கட்டியது திரும்பாது, இலட்சக்கணக்கில் இழந்தோர் நாடெங்கும் உளர். பிள்ளைகள் அறியாமையால் இறங்கிவிட்டால், ஏசுவதைப் பின்னர் வைத்துக்கொண்டு முதலில் 1930 என்ற எண்ணுக்குத் தொலைபேசி செய்ய வேண்டும். புனிதத் தலங்களுக்குச் செல்வோரைக் குறிவைத்துப் போலி அறைப்பதிவுத் தளங்கள் உலவுவதாக மைய அரசின் இணையக் குற்றத் தடுப்பு மையம் 2025-இல் எச்சரித்தது. எத்தலத்துக்குச் செல்வதாயினும், அங்குள்ள அலுவலகத்தின் சொந்த எண்ணைக் கேட்டறிந்து பதிவு செய்வதே நலம்.

இனி நம் சொந்தக் குற்றத்துக்கு வருவோம். கோடைக்கானலில் அறையைக் காலி செய்தபோது, வரவேற்பு மேசையிலிருந்த பையன் சிறு அட்டையொன்றை நீட்டினான். "சார், அஞ்சு ஸ்டார் போட்டுடுங்க. குறைஞ்சா முதலாளி எங்களைத்தான் கேப்பாரு" என்றான். மூன்று நாளும் பெட்டிகளைத் தூக்கி ஏறியிறங்கியவன் அவன். மனமிரங்கி ஐந்து நட்சத்திரம் இட்டு, "நல்ல இடம்" என்றும் எழுதிவிட்டோம். பேருந்து வத்தலக்குண்டைத் தாண்டும்வரை அது உறுத்தவில்லை. பின்னர் உறுத்தியது. 4.7 என்னும் அந்த எண் எவ்வாறு உருவாயிற்று என்பது அப்போது விளங்கிற்று. கூலி பெற்றவர் பொய் ஒருபுறமிருக்க, நம்போன்றோரின் இரக்கமும் சேர்ந்தே அதை உயர்த்தியிருக்கிறது. நமக்குப் பின் முழங்கால் வலியுடன் வரப்போகும் எந்தத் தாயும் நமக்குத் தெரிந்தவரல்லர். ஆகவே அவரை எளிதாக மறந்துவிட்டோம்.

ஒரு வாரம் கழித்து அவ்வுரையைத் திருத்தினோம். மூன்று நட்சத்திரம், தரையிலிருந்து மூன்றாம் மாடிவரை ஐம்பத்தெட்டுப் படிகள், லிப்ட் இல்லை, வெந்நீர் எட்டரை மணிவரை, பெட்டி தூக்கிய பையன் பணிவும் பரிவும் உடையவன், அவனைப் பாராட்ட வேண்டும் என்று எழுதினோம். நான்கு நாளில் உரிமையாளரிடமிருந்து மறுமொழி வந்தது. கோபமில்லை. கீழ்த்தளத்தில் இரண்டு அறைகள் உண்டு. முதியோர் வருவதை முன்னரே தொலைபேசியில் சொன்னால் அவற்றை ஒதுக்கித் தருவோம். உங்கள் தாயாருக்கு நேர்ந்த சிரமத்துக்கு வருந்துகிறோம் என்று எழுதியிருந்தார். பல நாள் மதிப்புரைகளைத் துருவிய நாம், இரண்டு நிமிடம் பேசி ஒரு வார்த்தை கேட்கவில்லை!

தாயாருக்கு அதைப் படித்துக் காட்டினோம். முழுதும் கேட்டுவிட்டு, "ரசத்தைப்பற்றி ஒன்றும் எழுதவில்லையே? அந்தச் சமையற்காரப் பிள்ளை மனம் வருந்தாதா?" என்றார். அதையும் சேர்த்திருக்கிறோம்.