ஏரிப் படுகையில் பதினெட்டுக் குழிகள்

மழை பெய்தால் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும்? கோல்ஃப் மைதானம் வடிவமைக்க வருபவர் நிலத்தில் கால் வைத்ததும் கேட்கும் முதல் கேள்வி இதுதான். ஓசூர், சூளகிரி, தளி வட்டாரத்தில் பாறைக் குன்றுகளுக்கு நடுவே ஏரி வெட்டிய நம் முன்னோரும் இதே கேள்வியோடுதான் நிலத்தைப் பார்த்தார்கள். ஒருவர் தண்ணீரை வடிக்கப் பார்த்தார், மற்றவர் நிறுத்தப் பார்த்தார். இந்த இரண்டு வேலையும் ஒரே நிலத்தில் மோதிய இடம் பெங்களூரில் இருக்கிறது. அதன் விளைவு நம்மூர் வரை வருகிறது.

தொம்லூருக்குப் பக்கத்தில், பழைய எச்.ஏ.எல். விமான நிலையத்தை ஒட்டிக் கிடக்கிறது கர்நாடக கோல்ஃப் சங்கத்தின் மைதானம். ஓசூரிலிருந்து ஐ.டி. வேலைக்குப் போய் வருகிறவர்களுக்கு அதை ஒட்டிய ‘எம்பஸி கோல்ஃப் லிங்க்ஸ்’ வளாகம் நன்றாகத் தெரியும். அந்த மைதானம் இருக்கும் இடம் ஒருகாலத்தில் சல்லகட்டா ஏரி. ஏரிப் படுகையை ஆட்டக்களமாக வடிவமைத்துக் கொடுத்தவர் ஆஸ்திரேலியாவின் பீட்டர் தாம்சன்.

தாம்சன் சாதாரண ஆள் இல்லை. 1954, 55, 56 என்று தொடர்ந்து மூன்று ஆண்டுகள் பிரிட்டிஷ் ஓபன் பட்டம் வென்றவர். பிறகு 1958-லும் 1965-லும் வென்றார். இந்தியாவோடு அவருக்கு நெருக்கம் அதிகம். 1964-ல் இந்தியன் ஓபன் போட்டி தொடங்கக் காரணமானவர்களில் ஒருவர். முதல் பட்டத்தையும் அவரே வென்றார். ஆடி ஓய்ந்த பிறகு மைதான வடிவமைப்பில் இறங்கினார். டெல்லி கோல்ஃப் கிளப்பை எழுபதுகளில் திருத்தி அமைத்ததும் அவர்தான்.

அவர் வளர்ந்த மெல்பேர்னின் மைதானங்கள் மணற்பாங்கானவை. பந்து விழுந்து, குதித்து, தரையோடு உருளும். ஏரி வண்டல் அப்படியே நேரெதிர். ஒரு மழைக்குச் சேறாகும், தண்ணீரை விடாது. இப்படிப்பட்ட நிலத்தில் வடிவமைப்பாளருக்கு இருக்கும் வழி, ஒரு பக்கம் குட்டை தோண்டி அந்த மண்ணால் மறுபக்கத்தை மேடாக்குவது. குட்டை மழைநீரை வாங்கிக்கொள்ளும். ஆடுகிறவருக்கு அதுவே தடையும் ஆகும். குழி இருக்கும் ‘கிரீன்’ பகுதிக்குத் தனிக் கட்டுமானம் உண்டு. அமெரிக்க கோல்ஃப் சங்கம் 1960-ல் வகுத்த முறைப்படி அடியில் வடிகுழாய், அதன்மேல் பத்து சென்டிமீட்டர் சரளை, அதற்கும் மேல் முப்பது சென்டிமீட்டர் மணல் கலவை. எவ்வளவு மழை கொட்டினாலும் தண்ணீர் தேங்காது. மேலே வளரும் புல்லும் நமக்கு அந்நியமில்லை. வெப்ப நாடுகளின் மைதானங்களில் அதிகம் வளர்க்கப்படும் பெர்முடா, பிள்ளையாருக்குச் சாத்தும் நம் அருகம்புல்தான். கிரீனுக்கென்று அதன் ஒட்டு ரகங்களை அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் உருவாக்கினார்கள்.

அந்த மைதானம் விளையாட்டுக்குச் செய்த நன்மையை மறுக்கக் கூடாது. அதிதி அசோக் ஐந்தாறு வயதுச் சிறுமியாகக் கோல்ஃப் மட்டையைப் பிடித்தது அங்கேதான். டோக்கியோ ஒலிம்பிக்கில் நூலிழையில் பதக்கத்தைத் தவறவிட்டு நான்காவதாக வந்தபோது நாடே அவரைக் கண்விழித்துப் பார்த்தது.

ஆனால், சல்லகட்டா தனி ஏரி அல்ல. பெங்களூரின் நடுவில் தொடங்கும் பள்ளத்தாக்கில் ஒன்றன் கீழ் ஒன்றாக அமைந்த ஏரிச் சங்கிலியில் அது ஒரு கண்ணி. மேலே இருந்த சம்பங்கி ஏரி இன்றைக்குக் கண்டீரவா மைதானம். கீழே இருப்பவை பெள்ளந்தூர், வர்த்தூர் ஏரிகள். வர்த்தூரைத் தாண்டிய தண்ணீர் தென்பெண்ணையில் கலந்து, கொடியாளம் வழியாகத் தமிழகத்துக்குள் நுழைந்து, ஓசூர் கெலவரப்பள்ளி அணைக்கு வருகிறது. மதகைத் திறந்தால் ஆள் உயரத்துக்கு நுரை பொங்குவதையும், அது தரைப்பாலத்தை மூடி வயலுக்குள் நகர்வதையும் ஓசூர் மக்கள் எத்தனையோ முறை பார்த்துவிட்டார்கள். அதே சங்கிலியில்தான் பெள்ளந்தூர் ஏரி 2017-லும் 2018-லும் தீப்பற்றி எரிந்தது.

நுரைக்குக் கோல்ஃப் மைதானம் காரணம் என்று நான் சொல்லவில்லை. அது நகரத்துச் சாக்கடையும் சோப்பு ரசாயனமும் செய்த வேலை. என் ஆதங்கம் வேறு. வெள்ளத்தைத் தாங்கி, கசடைப் படியவைத்து, தெளிந்த நீரைக் கலிங்கு வழியாகக் கீழே அனுப்புவது ஒரு ஏரியின் வேலை. கண்ணி ஒவ்வொன்றாக அறுந்தபோது அந்த வேலையைச் செய்ய மேலே எதுவும் மிஞ்சவில்லை. மைதானத்துக்குள் தண்ணீர் தேங்காமல் பார்த்துக்கொண்ட வரைபடம் வேலியோடு முடிந்துவிட்டது. ஓசூரை அடுத்த பாகலூர் விவசாயியின் கிணறு அதில் இல்லை.

இலங்கையில் கண்டிக்கு அருகே திகனவில் டொனால்ட் ஸ்டீல் வடிவமைத்த விக்டோரியா மைதானத்தை இதனோடு ஒப்பிடலாம். அது நீர்த்தேக்கத்தின் கரையில் இருக்கிறது, படுகையில் அல்ல. தண்ணீரின் இடம் தண்ணீருக்கே விடப்பட்டது. நல்ல மைதானத்துக்கு ஏரியைப் பலி கொடுக்கத் தேவையில்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

இப்போது ஏன் இந்தப் பேச்சு? ஓசூர்ப் பக்கம் ஏற்கெனவே கிளோவர் கிரீன்ஸ் மைதானம் இருக்கிறது. பெங்களூர்க்காரர்கள் எல்லை தாண்டி வந்து ஆடுகிறார்கள். ஓசூரில் 2,000 ஏக்கரில் பன்னாட்டு விமான நிலையம் அமைக்கப்படும் என்று 2024 ஜூனில் சட்டமன்றத்தில் முதல்வர் அறிவித்தார். விமான நிலையத்தைச் சுற்றி ரிசார்ட்டும் வில்லாவும் வரும், அவற்றோடு கோல்ஃபும் வரும். வரட்டும், நம் பிள்ளைகளும் ஆடட்டும். குடிநீரை விடுத்துச் சுத்திகரித்த கழிவுநீரைப் புல்லுக்குப் பாய்ச்சட்டும். உரமும் பூச்சிமருந்தும் கலந்த வடிநீர் எந்த ஓடையில் இறங்கும் என்று அனுமதி கேட்கும்போதே எழுதிக் கொடுக்கட்டும்.

இதற்குப் பெரிய ஆய்வுக்குக்கூடக் காத்திருக்க வேண்டாம். ஏரி, ஓடை, வாய்க்கால் புறம்போக்கு எல்லாம் சர்வே எண்ணோடு ‘அ’ பதிவேட்டில் இருக்கின்றன. கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டால் காட்டுவார். வடிவமைப்பாளர் மெல்பேர்னிலிருந்து வந்தாலும் லண்டனிலிருந்து வந்தாலும், கோடு போடத் தொடங்கும் முன் அந்தப் பதிவேட்டின் நகலையும் கிராம வரைபடத்தையும் மாவட்ட நிர்வாகம் அவர் கையில் கொடுக்க வேண்டும்.