தாமிரபரணிக்கு ஒரு பிரமாணம்

மணியாச்சி ஜங்ஷன் என்றதும் 1911-ஆம் வருஷம் ஜூன் மாதம் 17-ந் தேதி நமது நேயர்களின் நினைவுக்கு வராமலிராது. கலெக்டர் ஆஷ் துரை சுடப்பட்டு, வாஞ்சிநாதனும் மாண்ட அந்த ஸ்டேஷனில் இறங்கி, மெய்சிலிர்த்துத் திரும்புவோர் பலர். ஸ்டேஷனுக்கு வெளியே இரண்டு பர்லாங்கு நடந்து, எதிர்ப்படும் குடியானவரிடம், "ஐயா, இவ்வூரில் குடிதண்ணீர் எங்கிருந்து வருகிறது?" என்று விசாரிப்போர் மிகச் சிலர். அந்தக் கேள்வியை இன்று நாம் கேட்க விரும்புகிறோம்.

கரிசல் பூமியில் மழை பெய்தால் சேறு, பெய்யாவிட்டால் வெடிப்பு. தோண்டினால் பல இடங்களில் உவர்நீர். ஆகையால் நம் முன்னோர்கள் ஊருக்கு ஓர் ஊருணி வெட்டினார்கள். அதில் குளிக்கலாகாது, துணி துவைக்கலாகாது, மாடு இறங்கலாகாது, குடத்தைத் தவிர வேறெதுவும் நீரில் படலாகாது என்று கட்டுப்பாடு செய்து, காவலும் போட்டார்கள். எந்தச் சட்டசபையும் இதை நிறைவேற்றவில்லை. மீறியவனுக்கு ஊர்க்கூட்டம் அபராதம் விதித்தது.

பிறகு குழாய் வந்தது. கோவில்பட்டி நகரம் இன்று பருகுவது சீவலப்பேரியிலிருந்து வரும் தாமிரபரணி நீர். இது பெரிய பாக்கியமே, மறுக்கவில்லை. ஆனால் சீவலப்பேரி எங்கே இருக்கிறது? திருநெல்வேலிக்கும் பாளையங்கோட்டைக்கும் கீழே. மேலே இரண்டு நகரங்கள் குளித்து, துவைத்து, கழித்து அனுப்பியது போக மிஞ்சியதே கரிசல்காட்டுக் குடத்துக்கு வருகிறது. கண்ணெதிரே இருந்த ஊருணிக்குக் காவல் போட்ட ஜனங்களுக்கு, கண்ணுக்கெட்டாத ஆற்றுக்குக் காவல் போட வழி தெரியவில்லை.

அந்தக் காவலுக்கு இக்காலத்துப் பெயர் பிரமாணம். 100 மில்லிலிட்டர் நீரில், அதாவது அரை டம்ளர் நீரில், மலக்கிருமி இத்தனைக்கு மேற்படலாகாது என்று எண் விதிப்பது. 1885-இல் எஷெரிக் என்னும் ஜெர்மானிய டாக்டர் குழந்தைகளின் குடலில் கண்ட கிருமியே இதற்கு ஆதாரம். அக்கிருமிகளில் பெரும்பாலானவை தாமாகத் தீங்கு செய்வதில்லை. ஆனால் அவை இருக்கும் நீரில் மலம் கலந்திருக்கிறது என்பது நிச்சயம். மலம் வந்த வழியே காலராவும் டைபாய்டும் வரலாம். கிருமியை ஒவ்வொன்றாக எண்ணுவதுமில்லை. நீரைப் பல அளவில் குழாய்களிலுள்ள திரவத்தில் சேர்த்துச் சூட்டில் வைத்து, எத்தனை குழாய்களில் வாயு எழும்பிற்று என்று பார்த்து, கணித அட்டவணையைக் கொண்டு 'இருக்கக்கூடிய எண்ணிக்கை' இவ்வளவு என்று மதிப்பிடுகிறார்கள்.

நமது தேசத்தில் எண்களுக்குப் பஞ்சமில்லை. குளிக்கும் நீரில் மலக்கிருமி 500-க்குள் இருப்பது விரும்பத்தக்கது, 2,500-க்கு மேற்படவே கூடாது என்று மத்திய சர்க்கார் 2000-ஆம் வருஷத்தில் விதித்தது. சாக்கடைச் சுத்திகரிப்பு நிலையத்தை விட்டு வெளியேறும் நீருக்கு 2015-இல் வெளியிட்ட நகலில் 100 என்று கண்டிருந்தது. 2017 அக்டோபரில் விதி வெளிவந்தபோது அது 1,000 ஆகிவிட்டது. ஒரு சைபர் கூடியதால் ஸ்தலஸ்தாபனங்களுக்கு எவ்வளவு ஆறுதல்! 2019 ஏப்ரலில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தலையிட்டு, 100 விரும்பத்தக்கது, 230 உச்ச வரம்பு என்றது.

இந்த 1,000-க்கும் 230-க்கும் இடையில் நிபுணர்கள் வாதாடுகிறார்கள். நமக்கோ இருவரும் வாசலைப் பூட்டுவதற்குச் சண்டையிட்டுக்கொண்டு கொல்லைக் கதவைத் திறந்துவிட்டதாகத் தோன்றுகிறது. கணக்குப் போட்டுப் பார்ப்போம். சுத்திகரிக்காத சாக்கடை நீரில் 100 மில்லிலிட்டருக்குப் பத்து லட்சம் மலக்கிருமிகள் இருப்பது சாதாரணம். ஒரு கோடியும் உண்டு. பத்து லட்சமென்றே கொள்வோம். அப்படிப்பட்ட ஒரு குடம் நீர், கிருமியே இல்லாத ஆற்று நீரில் இரண்டாயிரம் குடத்தை 500 என்ற எல்லைக்குக் கொண்டுவந்துவிடும். விதிப்படி 1,000-த்தில் சுத்திகரித்த ஆயிரம் குடம் செய்யும் கெடுதியை, சுத்திகரிக்காத ஒரே குடம் செய்துவிடும். இராமையன்பட்டி நிலையத்தில் எவ்வளவு சுத்தமாக வேலை நடந்தாலும், நெல்லைக் கால்வாயிலும் பாளையங்கால்வாயிலும் படித்துறையோரத்து ஓடைகளிலும் நேரே இறங்கும் சாக்கடையை அடைக்காவிட்டால் என்ன பயன்?

ஆகவே நிலையத்தின் வாயிலில் அளக்கும் எண் மட்டும் போதாது; ஆற்றிலேயே அளக்கும் எண் வேண்டும். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2018-இல் அசுத்தமான ஆற்றுப் பகுதிகள் 351 என்று ஜாபிதா தயாரித்தபோது, தமிழ்நாட்டின் ஆறு பகுதிகளில் பாப்பான்குளம் முதல் ஆறுமுகநேரி வரையிலான தாமிரபரணியும் இடம்பெற்றது. ஆனால் அந்த ஜாபிதாவின் அடிப்படை, அழுகும் பொருள் எவ்வளவு பிராணவாயுவை உண்கிறது என்ற கணக்கு. கிருமி அதில் சேர்த்தி இல்லை. அந்தக் கணக்கில் தேறிய நீர் கிருமிக் கணக்கில் தேறாமற் போகலாம்.

இங்கே சட்ட விஷயம் ஒன்றைச் சொல்ல வேண்டும். 1974-ஆம் வருஷத்துத் தண்ணீர்ச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு, (1)(ஜி) உட்பிரிவு, கழிவுநீருக்கும் அது சேரும் நீருக்கும் பிரமாணம் விதிக்கும் அதிகாரத்தை மாகாண வாரியத்துக்குக் கொடுக்கிறது. பல மாகாணங்களில் ஓடும் ஆறுகள் மட்டுமே விலக்கு. காவிரியானால் மேலேயுள்ளவர்களைக் குறை கூறி நாம் ஒதுங்கிக்கொள்ளலாம். தாமிரபரணியோ பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலில் கலக்கும் வரை தமிழ்நாட்டை விட்டு வெளியேறுவதில்லை. தவிர, 1986-ஆம் வருஷத்துச் சுற்றுச்சூழல் விதிகளில் 3-ஆவது விதி, கழிவு சேரும் நீரின் நிலையைக் கருதி, காரணங்களை எழுத்தில் பதிந்து, மத்திய சர்க்காரின் எண்ணைக் காட்டிலும் கடுமையான எண்ணை விதிக்க இடந்தருகிறது. வாரியம் சென்னையில் ஏற்பட்டது 1982 பிப்ரவரியில். அதிகாரம் இல்லை என்று எவரும் சொல்ல முடியாது.

பணமில்லை என்று சொல்லலாம். அது வாஸ்தவமான ஆட்சேபம். பாதாளச் சாக்கடைக்குக் கோடிக்கணக்கில் வேண்டும். ஆயினும் எண் விதிப்பதற்கும் அளப்பதற்கும் கோடிகள் வேண்டாம். குளோரின் அதிகம் சேர்த்தால் மீனுக்குக் கேடு என்றும் சொல்லுகிறார்கள். அதுவும் உண்மை, ஆனால் அது சாக்கடையை ஆற்றில் விடாமலிருப்பதற்கே காரணமாகும்.

அமெரிக்காவில் 1972-ஆம் வருஷத்துச் சட்டப்படி ஒவ்வொரு ராஜ்யமும் தன் நீர்நிலைகளுக்குப் பிரமாணம் வகுக்கிறது. மத்திய இலாகாவின் சிபார்சு, எஷெரிக்கின் கிருமி 126; அதுவும் ஒருநாள் மாதிரியைக் கொண்டல்ல, பல மாதிரிகளின் பெருக்குச் சராசரியைக் கொண்டு. ஐரோப்பாவில் 2006-ஆம் வருஷத்துக் கட்டளை, குளிப்பிடங்களின் தரத்தை ஜனங்களுக்குத் தெரியும்படி அங்கேயே எழுதிவைக்கச் சொல்லுகிறது. நாம் பின்பற்ற வேண்டியது அவர்களுடைய எண்ணையல்ல, இந்த வழக்கத்தை. 2018 அக்டோபரில் புஷ்கர ஸ்நானத்துக்கு இவ்வாற்றில் திரளான பேர் இறங்கினார்கள். அன்று படித்துறையில் எண் எழுதிய பலகை ஒன்றிருந்தால், மூழ்குமுன் பக்தர்கள் சற்று யோசித்திருப்பார்கள்.

2024 நவம்பரில் ஹைக்கோர்ட்டு மதுரைக் கிளையின் நீதிபதிகள் இருவர் நெல்லைக்கு நேரில் வந்து ஆற்றைப் பார்த்தார்கள். நீதிபதிகள் படித்துறைக்கு வந்தது மெச்சத்தக்கதே. ஆனால் கண்ணுக்குக் குப்பை தெரியும், கிருமி தெரியாது. தவிர, வழக்கு நெல்லையின் படித்துறைகளைப் பற்றியதாகவே ஜனங்கள் நினைக்கிறார்கள். அந்நீரைக் குடிக்கும் கோவில்பட்டியும் ஒட்டப்பிடாரம் தாலுகாவும் இதில் வாதிகளே என்பதை நம் ஜில்லா ஊழியர்கள் உணர வேண்டும்.

கோவில்பட்டி முனிசிபல் கவுன்சிலர்களும், மணியாச்சிப் பக்கத்துப் பஞ்சாயத்துத் தலைவர்களும் கூடி, மேற்சொன்ன பிரிவைக் காட்டி, தாமிரபரணிக்கு நெல்லைக்கு மேல் ஓர் எண், சீவலப்பேரியில் ஓர் எண் விதிக்குமாறு மாகாண வாரியத்துக்கு மனுச் செய்யலாம். குழாய்க்கு நீர் எடுக்குமிடத்தில் கண்ட எண்ணை மாதந்தோறும் முனிசிபல் ஆபீஸ் வாசலில் எழுதிவைக்கும்படியும் அதில் கோரலாம். மழைக்காலத்து மாதிரியை ஒதுக்கிவைக்கக் கூடாது என்பதையும் சேர்த்துக்கொள்வது நலம். மனு ஒரு தாளுக்கு மேல் போகாது. அதன் நகல் நமக்குக் கிடைத்தால் இப்பத்திரிகையில் அப்படியே பிரசுரிப்போம்; வாரியத்தின் பதிலையும், வந்தால், அதற்குப் பக்கத்திலேயே பிரசுரிப்போம்.